காற்றைக் கழுவிய நீர்

கோலி சோடாவை உடைப்பதற்கு முன் பாட்டிலைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். குமிழி ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடைக்காரர் கோலியை உள்ளே தள்ளியதும் சீறிக்கொண்டு நுரை பொங்குகிறது. ஒரு நொடிக்கு முன்புவரை அந்த வாயு எங்கே இருந்தது? தண்ணீருக்குள்ளேதான் இருந்தது. அப்படியானால் எது அதை உள்ளே அடங்கியிருக்க வைத்தது? எது வெளியே கிளப்பியது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஆலைப் புகையிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுக்கும் கலை பாதி புரிந்துவிடும். ரசாயன ஆலைகளின் ஓரத்தில் குழாய்கள் சூழ நெட்டையாக ஓர் உருளை நிற்கும். அங்கே வேலை செய்பவர்கள் அதை 'ஸ்க்ரப்பர்' என்பார்கள். தமிழில் கழுவு கோபுரம் என்று சொல்லலாம். அழுக்குக் காற்று அதன் அடியில் நுழையும். மேலிருந்து நீரோ வேறு கரைசலோ பொழியும். கழுவப்பட்ட காற்று உச்சி வழியாக வெளியேறும். கோலி சோடாவில் வாயு நீரை விட்டுப் போகிறது. கோபுரத்தில் வாயு நீருக்குள் போகிறது. பாதை ஒன்றுதான், திசைதான் வேறு.

காற்றாலைக்குள் முட்புதர்

இந்தக் கோபுரத்தின் கதை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணிக்கும் சோடியம் கார்பனேட் என்ற சோடா உப்பு ஏராளமாகத் தேவைப்பட்ட காலம் அது. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா லெப்ளாங்க் 1791இல் காப்புரிமை பெற்ற முறையில், சாதாரண உப்பிலிருந்து சோடாவைத் தயாரித்தார்கள். முதல் படி, உப்பின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்குவது. அப்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு கிளம்பும். ஒரு டன் உப்புக்கு அரை டன்னுக்கும் மேல் இந்த வாயு. அதை அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே விட்டார்கள்.

ஈரக் காற்றில் பட்டதும் அது அமிலத் துளிகளாக மாறிக் கீழே இறங்கியது. பயிர் கருகியது, மரங்கள் பட்டுப்போயின, பூட்டும் தாழ்ப்பாளும் அரித்தன. ஜேம்ஸ் மஸ்ப்ராட் என்பவர் 1823இல் லிவர்பூலில் சோடா ஆலை தொடங்கினார். பிறகு ஆண்டுக்கணக்காக வழக்குகளைச் சந்தித்தார். ஆலை முதலாளிகள் கண்ட வழி, புகைபோக்கியை இன்னும் உயர்த்துவது. கிளாஸ்கோவில் 1842இல் 130 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒன்று எழுந்தது. உயரத்தால் நஞ்சு குறையவில்லை. பக்கத்து வயலில் விழுந்தது அடுத்த ஊர் வயலில் விழுந்தது, அவ்வளவுதான்.

வேறு வழி கண்டவர் வில்லியம் காசேஜ். அவர் கைவிடப்பட்ட ஒரு காற்றாலைக் கட்டடத்தை எடுத்துக்கொண்டார். அதன் உள்ளே முட்புதர்களையும் சுள்ளிகளையும் அடைத்தார். மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டார். அடியிலிருந்து வாயுவை ஏற்றினார். நஞ்சு நீரில் கரைந்து அமிலமாக அடியில் வந்து சேர்ந்தது. 1836இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

முட்புதர் எதற்கு? கோடைக்காலத்தில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைத்தால் அறை குளிராது. அதே தண்ணீர் ஆயிரம் வேர்களின் மேல் மெல்லிய ஈரமாகப் பரவி, காற்று அவற்றினூடே நுழைந்து வரும்போதுதான் குளிர்கிறது. காசேஜின் கோபுரம் நஞ்சுக்குக் கட்டிய வெட்டிவேர்த் தட்டி.

நீருக்குப் பிடித்த வாயு, பிடிக்காத வாயு

எல்லா வாயுவும் நீரில் ஒரே அளவு கரையாது. சாதாரண அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரை எடுத்துக்கொள்வோம். தூய ஆக்ஸிஜன் அதில் சுமார் 30 மில்லிலிட்டர்தான் கரையும். சோடாவில் உள்ள கார்பன் டைஆக்சைடு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டைஆக்சைடு ஏறத்தாழ 40 லிட்டர். ஹைட்ரஜன் குளோரைடோ 450 லிட்டருக்கும் மேல். அம்மோனியா ஏறத்தாழ 700 லிட்டர்!

இதை நம்புவதற்குப் பள்ளிக்கூட ஆய்வகமே போதும். ஒரு குடுவை நிறைய அம்மோனியா வாயுவை அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு மெல்லிய குழாயால் கீழே உள்ள தண்ணீரோடு இணைப்பார்கள். ஒரு துளி நீர் உள்ளே புகுந்ததும் குடுவையில் உள்ள வாயு அதில் கரைந்து வெற்றிடம் உண்டாகும். கீழே இருக்கும் நீர் பீறிட்டு மேலே பாயும். நீரூற்றுச் சோதனை என்பது இதன் பெயர். வாயுவின் மேல் நீருக்கு உள்ள பசி கண்ணுக்கு முன்னால் தெரியும் காட்சி அது.

இந்தப் பசிக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. அவருடைய தந்தை சோடா நீர் தயாரித்து விற்றவர். நீரையும் வாயுவையும் அடைத்துக் குலுக்கி, வெவ்வேறு அழுத்தங்களில் எவ்வளவு வாயு உள்ளே போகிறது என்று ஹென்றி அளந்தார். அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கரையும் வாயுவின் எடையும் இரு மடங்காகிறது. 1803இல் அச்சான இந்த முடிவைத்தான் இன்று ஹென்றி விதி என்கிறோம்.

கோலி சோடாவின் புதிர் இங்கே அவிழ்கிறது. பாட்டிலுக்குள் அழுத்தம் அதிகம். அதற்கேற்ற அளவு வாயு நீரில் அமைதியாக இருக்கிறது. நீரிலிருந்து வெளியேறும் மூலக்கூறுகளும் நீருக்குள் திரும்பும் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் இந்த நிலையைச் சமநிலை என்பார்கள். கோலி இறங்கியதும் அழுத்தம் சரிகிறது. அந்த அழுத்தத்துக்கு நீர் தாங்கக்கூடியதைவிட அதிக வாயு உள்ளே சிக்கியிருக்கிறது. உபரி வெளியே பாய்கிறது. வெயிலில் கிடந்த சோடா இன்னும் வேகமாகப் பொங்கும். நீர் சூடாகச் சூடாக வாயுவைப் பிடித்துவைக்கும் திறன் குறையும். ஆலைகளில் கொதிக்கும் புகையைக் கோபுரத்துக்கு அனுப்புமுன் குளிர்விப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. வாயு நீரின் உட்புறம் முழுக்கப் பரவிக் கலப்பது உட்கவர்தல். கரித்தூளின் மேற்பரப்பில் நாற்றம் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். பஞ்சு மிட்டாய் வாயில் கரைவது போன்றது முதலாவது; சட்டையில் தூசி படிவது போன்றது இரண்டாவது. கழுவு கோபுரத்தில் நடப்பது உட்கவர்தல்.

மூன்று வாளித் தந்திரம்

கரையும் என்பது ஒன்று. கரைய வேண்டியதெல்லாம் சில நொடிகளில் கரைந்து முடிவது வேறொன்று. காற்று கோபுரத்துக்குள் இருப்பது சில நொடிகள்தான். அதற்குள் வேலையை முடிக்கப் பொறியாளர்கள் முதலில் நம்புவது பரப்பை. முட்புதரின் இடத்தில் இன்று பீங்கானாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சிறு வளையங்களைக் கொட்டி நிரப்புகிறார்கள். இதை நிரப்பு என்று அழைக்கலாம். ஜெர்மானிய வேதியியலாளர் ராஷிக் உருவாக்கிய வளையம் மிக எளிமையானது: உயரமும் விட்டமும் சமமான வெறும் குழாய்த் துண்டு. ஓர் அங்குலப் பீங்கான் வளையங்களால் ஒரு கன மீட்டரை நிரப்பினால் ஏறத்தாழ 190 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். ஒரு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள கோபுரத்தின் உட்சுவர் மட்டும் 13 சதுர மீட்டர்கூட இருக்காது. வளையங்களைக் கொட்டியதும் அதே கோபுரத்துக்குள் சுமார் 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மேலான ஈரப்பரப்பு அடங்கிவிடுகிறது.

அடுத்தது திசை. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த வீடுகளில் துணி அலசும் முறை தெரிந்திருக்கும். மூன்று வாளிகள். சோப்பு நுரையோடு வரும் துணி முதலில் அழுக்கு நீர் உள்ள வாளிக்கும், அடுத்து ஓரளவு தெளிந்த வாளிக்கும், கடைசியாகத் தூய நீர் உள்ள வாளிக்கும் போகும். கடைசி வாளி கலங்கினால் அது நடு வாளியாகும். நடு வாளி முதல் வாளியாகும். துணி ஒரு பக்கம் நகர்கிறது, தண்ணீர் எதிர்ப் பக்கம் நகர்கிறது. குறைந்த நீரில் நிறைந்த சுத்தம்.

கோபுரத்திலும் இதேதான். நஞ்சு மிகுந்த காற்று அடியில் நுழையும்போது, ஏற்கெனவே நிறைய நஞ்சைக் குடித்த நீரைச் சந்திக்கிறது. காற்று செறிவாக இருப்பதால் அந்த நீருக்குள்ளும் இன்னும் கொஞ்சம் தள்ள முடிகிறது. உச்சிக்குப் போகும்போது காற்றில் நஞ்சின் எச்சம் மட்டுமே. ஆனால் அங்கே காத்திருப்பது புதிய நீர். அந்த எச்சத்தையும் அது இழுத்துக்கொள்கிறது. இதன் பெயர் எதிரோட்டம். இரண்டையும் ஒரே திசையில் ஓடவிட்டால், கோபுரம் எவ்வளவு நீளமானாலும் வெளியேறும் இடத்தில் காற்றும் நீரும் ஒன்றோடொன்று சமநிலைக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் சுத்தம் கிடைக்காது.

மூன்றாவது நுட்பம் கண்ணுக்குத் தெரியாதது. காற்று எவ்வளவு வேகமாக ஓடினாலும் நீரை ஒட்டிய மெல்லிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். நீரின் பக்கமும் அப்படியே ஓர் அசையாப் படலம். நஞ்சின் மூலக்கூறு இவ்விரண்டையும் ஊர்ந்துதான் கடக்க வேண்டும். 1923இல் வால்டர் விட்மன் முன்வைத்த இந்த விளக்கத்துக்கு இருபடலக் கொள்கை என்று பெயர். கோயிலில் சந்நிதிக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு குறுகலான வாசல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல் அதிகக் குறுகலோ அதுதான் மொத்த வரிசையின் வேகத்தைத் தீர்மானிக்கும். மற்றதை அகலப்படுத்திப் பயனில்லை.

எது குறுகல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு செங்குத்துக் குழாயின் உட்சுவரில் நீரை மெல்லிய திரையாக வழியவிட்டு, நடுவே வாயுவைச் செலுத்துகிறார்கள். ஈரப்பரப்பு துல்லியமாகத் தெரிந்த சிறு கோபுரம் அது. முதலில் வாயுவின் வேகத்தை மட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். பிறகு நீரின் ஓட்டத்தை மட்டும். அம்மோனியா போல நன்றாகக் கரையும் வாயுவுக்குக் காற்றோட்டத்தைக் கூட்டினால் பலன் கிடைக்கிறது. தடை வாயுப் பக்கம் இருப்பது அதனால் தெரிகிறது. ஆக்ஸிஜனுக்கு நீரைக் கலக்கினால்தான் பலன். வீட்டு மீன் தொட்டியில் குமிழிவிடும் கருவி நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டியதும் இதனால்தான்.

பின்வாசல் உள்ள பந்தி

நீர் மட்டுமே போதாத இடங்களில் வேதியியல் துணைக்கு வருகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தால் முன்வாசலில் கூட்டம் தேங்காது. அதுபோல, கரைந்த வாயு உடனே வேறு பொருளாக மாறிவிட்டால் நீரில் அதற்கு எப்போதும் இடம் இருக்கும். திரும்பிக் கிளம்பவும் வழியில்லை. அமில வாயுக்களுக்குக் காஸ்டிக் சோடாக் கரைசல். அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்குச் சுண்ணாம்புக்கல் பொடி கலந்த கூழ். அதனோடு சேர்ந்து, காற்றின் ஆக்ஸிஜனையும் ஏற்று, அந்த நஞ்சு ஜிப்சமாக மாறுகிறது. சுவரில் பொருத்தும் பலகையும் சிமென்டும் செய்யப் பயன்படும் அதே ஜிப்சம்.

சில ஆவிகள் நீரைத் திரும்பியே பார்க்காது. பெயின்ட், மை, பசை ஆலைகளில் கிளம்பும் டொலுவீன் அப்படிப்பட்டது. மிளகாய்க் காரம் வாயில் ஏறினால் தண்ணீர் குடித்துப் பலனில்லை, தயிரோ நெய்யோதான் அடக்கும் என்பது நமக்குத் தெரியும். எண்ணெய்ப் பசையுள்ளதை எண்ணெய்ப் பசையுள்ளதே இழுக்கும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் தயாரிக்கும் ஆலைகளில் பென்சீன், டொலுவீன் ஆவிகளைக் கனமான எண்ணெயால் கழுவி எடுக்கிறார்கள். பிறகு எண்ணெயைச் சூடாக்கினால் ஆவி பிரிந்துவிடும். அதைக் குளிரவைத்து விற்கலாம், எண்ணெயை மீண்டும் கோபுரத்துக்கு அனுப்பலாம். சூடான சோடா பொங்கிய அதே விதி இங்கே ஊதியம் ஈட்டுகிறது.

தண்ணீர் ஆகவே ஆகாத விசித்திரமும் உண்டு. கந்தக அமில ஆலையில் கந்தக டிரைஆக்சைடு வாயுவை நீரோடு சேர்த்தால்தான் அமிலம் கிடைக்கும். ஆனால் நேரே நீரில் விட்டால், நீரிலிருந்து எழும் ஆவி அந்த வாயுவைப் பாதிவழியிலேயே மறித்து, நுண்ணிய அமிலப் பனியாக்கிவிடும். அந்தத் துளிகள் மிகச் சிறியவை. கோபுரத்தில் பிடிபடாமல் மிதந்து வெளியே போகும். ஆகவே 98 சதவீதச் செறிவுள்ள கந்தக அமிலத்தாலேயே அந்த வாயுவைக் கழுவுகிறார்கள். அந்த அமிலத்தின் மேல் நீராவி இல்லை என்றே சொல்லலாம். வாயு தடையில்லாமல் திரவத்தை எட்டுகிறது.

எல்லை

கோபுரத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. குறுகிய வாய் பாட்டிலில் எண்ணெயை அவசரமாக ஊற்றினால், உள்ளிருந்து வரும் காற்று எண்ணெயைத் தடுத்து மேலே வழியவைக்கும். கோபுரத்தில் வாயு அளவுக்கு மீறினால் இறங்கும் நீர் அப்படியே அந்தரத்தில் தேங்கி மேலே பொங்கும். பொறியாளர்கள் இதை வெள்ள நிலை என்கிறார்கள். அந்தக் கணம் கோபுரம் வேலையை நிறுத்திவிடும்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, அந்த ஆலையிலும் காஸ்டிக் சோடாவால் கழுவும் கோபுரம் ஒன்று இருந்தது. அன்றாடச் சிறு கசிவுகளுக்காகக் கட்டப்பட்டது அது. ஓரிரு மணி நேரத்தில் பாய்ந்த சுமார் 40 டன் நஞ்சை எதிர்கொள்ளும் அளவு அதற்குக் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கோபுரம் இருக்கிறதா என்ற கேள்வி போதாது என்பதை அந்த இரவு நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். மிக மோசமான நாளில் வரக்கூடிய வாயுவுக்கு அது போதுமா, அந்த நொடியில் அது ஓடிக்கொண்டிருக்குமா என்றும் கேட்டாக வேண்டும்.

நஞ்சு வீடு மாறுகிறது

காசேஜுக்குத் திரும்புவோம். 1836இலேயே வழி தெரிந்துவிட்டது. ஆனால் எல்லா ஆலைகளும் அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றம் 1863இல் காரச் சட்டம் கொண்டுவந்த பிறகே, ஹைட்ரஜன் குளோரைடில் 95 சதவீதத்தையாவது பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. முதல் ஆய்வாளராகப் பொறுப்பேற்றவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர். அமில மழை என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. சதவீதக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது: உற்பத்தி இரு மடங்கானால் தப்பும் ஐந்து சதவீதமும் இரு மடங்காகும். 1874இல் சட்டத்தைத் திருத்தி, வெளியேறும் ஒவ்வொரு கன அடி வாயுவிலும் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

காற்று தெளிந்தது. ஆனால் கோபுரத்தின் அடியில் சேர்ந்த அமிலத்தை வாங்க ஆளில்லை. அதை ஓடைகளில் கொட்டினார்கள். வானத்திலிருந்து இறங்கிய நஞ்சு இப்போது வாய்க்காலில் ஓடியது. மீன்கள் செத்தன. 1860களின் இறுதியில் வால்டர் வெல்டனும் ஹென்றி டீக்கனும் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுக்கும் முறைகளைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. குளோரினைக் கொண்டு வெளுக்கும் தூள் செய்தார்கள். பருத்தி ஆலைகள் அதை வாங்கின. கொட்டிய கழிவுக்கு விலை கிடைத்தது.

கழுவு கோபுரத்தைப் பற்றி நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை இதுதான். வெறும் நீரால் கழுவும்போது அது எந்த நஞ்சையும் அழிப்பதில்லை. காற்றிலிருந்து நீருக்கு வீடு மாற்றுகிறது. லண்டனில் 1933 முதல் மின்சாரம் தந்த பேட்டர்சீ அனல்மின் நிலையம் தன் புகையைத் தேம்ஸ் நதி நீரால் கழுவியது. கழுவிய நீர் நதிக்கே திரும்பியது. நீரை நடுநிலையாக்குவது, உப்பைப் பிரிப்பது, ஜிப்சத்தை விற்பது வரை கணக்கு முடிந்தால்தான் காற்று உண்மையில் சுத்தமானதாகப் பொருள்.

நம் நாட்டில் அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்கு 2015 டிசம்பர் வரை புகைபோக்கியின் உயரத்தைத் தவிர வேறு விதியில்லை. அந்த மாதம்தான் அளவு வரம்பு வந்தது. அதற்கான கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் தொலைவில் உள்ள பெரும்பாலான நிலையங்களுக்கு, புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் போதும் என்று விலக்கு அளித்தார்கள். செலவு, நீர்த் தேவை, நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. அவை விவாதிக்க வேண்டியவையே. ஆனால் உயரமான புகைபோக்கி நஞ்சைக் குறைக்காது என்பது கிளாஸ்கோவில் தீர்ந்துபோன வழக்கு.

தூத்துக்குடியில் ஒரு சோடா ஆலை 2016இல் வேறொரு முயற்சியைத் தொடங்கியது. தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையில் உள்ள கார்பன் டைஆக்சைடை ஒரு சிறப்புக் கரைசலால் கழுவி எடுத்து, அதையே சோடா உப்புக்கு மூலப்பொருளாக்குவது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம். அந்த உப்பு பின்னால் கண்ணாடியாகவோ சோப்புத்தூளாகவோ மாறும்போது வாயுவில் ஒரு பங்கு மீண்டும் காற்றுக்குப் போகக்கூடும். ஆனாலும் கழுவியது எங்கே போகும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டுத் தொடங்கிய முயற்சி அது. எந்தத் தொழில் கழுவு கோபுரத்தைப் பிறப்பித்ததோ, அதே சோடாத் தொழில்.

உங்கள் ஊரில் ஓர் ஆலைக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே 'ஸ்க்ரப்பர் வைத்திருக்கிறோம்' என்ற பதில் நிச்சயம் வரும். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் திரவத்தால் கழுவுகிறீர்கள்? மிக மோசமான நாளுக்கு அது போதுமா? கழுவிய நீர் எங்கே போகிறது? கோபுரத்தின் உச்சியில் புகை தெரியவில்லை என்று அவர்கள் மேலே கைகாட்டுவார்கள். நீங்கள் அடியில் உள்ள குழாயைப் பின்தொடருங்கள்.